தண்டால் கட்டையின் உட்பக்கம்

செப்டம்பர் 4, திங்கள்

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் தினமும் எழுதி வைக்கச் சொன்னாள். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எவ்வளவு தூரம் நடந்தார், மாத்திரை போட்டாரா. கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இதுவரை மளிகைச் சீட்டு செருகி வைக்கத்தான் உதவியது. இனி அதற்கும் ஒரு வேலை.

முதல் பக்கத்தில் விவரம் வேண்டுமாம். நோயாளி: வெள்ளிங்கிரி, வயது ஐம்பத்து மூன்று, கோயம்புத்தூர் கணபதியில் ஆஞ்சநேயா தேகப்பயிற்சிச் சாலையின் மாஸ்டர். ஆகஸ்டில் நெஞ்சுவலி, இரண்டு ஸ்டென்ட். எழுதுபவர்: சாந்தாமணி, மனைவி, பம்பு கம்பெனியில் டிராயிங் பிரிவு.

இதயம் ரத்தத்தைத் தள்ளும் வேகம் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். நடக்கலாம், படி மெல்ல ஏறலாம். எடை தூக்கக் கூடாது, தண்டால் எடுக்கவே கூடாது. பம்பு கம்பெனியில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு அதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. அவருக்குத்தான் விளங்கவில்லை. "எடை எங்கீங்க தூக்கறேன்? தண்டால்ல என்ற உடம்பைத்தானுங்களே தூக்கறேன்" என்று டாக்டரிடமே கேட்டார்.

ஜிம் பசங்களிடம் டைபாய்டு என்று சொல்லி வைத்திருக்கிறார். நானும் டைபாய்டு என்றுதான் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன்.

உப்பு அரைக் கரண்டி. நடை, பிள்ளையார் கோவில் வரை. மாத்திரை போட்டார்.

செப்டம்பர் 9, சனி

சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மாவு இல்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டு கைப்பிடிகளாக நின்றுகொண்டிருந்தது.

"அம்மிணி, இத அப்படியே வரைஞ்சு குடு" என்றார்.

தண்டால் கட்டை. தரையில் உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு மடங்கி வலிக்கும்; கட்டையைப் பிடித்து எடுத்தால் வலிக்காது. அவர் ஜிம்மில் பழைய மரக்கட்டைகள் கிடக்கின்றன, செங்கல் மாதிரி. இவர் செய்தது வேறு. அடிப்பாகம் வெற்றிலை வடிவம், அதன் நடுவிலிருந்து எழும்பி வளைகிற பிடி. மாவிலேயே அழகாக இருந்தது. இருபது வருடமாகக் காயம் பட்ட மணிக்கட்டுகளைத் தடவிவிட்ட கை அல்லவா, பிடி எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

பெங்களூரில் ராவ் என்று ஒருவர், விளையாட்டுச் சாமான் வியாபாரி. ஆணழகன் போட்டி ஒன்றில் இவருக்குப் பழக்கம். போனில் பேசியிருக்கிறார். வடிவத்தை முதலில் முறையாகப் பதிவு செய்துகொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஆளாளுக்கு நகல் போட்டுவிடுவார்கள், பிறகு பேசலாம் என்றாராம்.

இது நடந்தால் நல்லது. ஜிம்மைப் பசங்க பார்த்துக்கொள்வார்கள். இவர் புதுச் சாமான் செய்கிற மாஸ்டராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். நடக்காவிட்டால் தீபாவளி தாண்டாது, சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் இறங்கிவிடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

மாவை மறுபடி பிசைந்து சுட்டேன். கொஞ்சம் ரப்பர்.

செப்டம்பர் 16, சனி

ரேஸ்கோர்ஸ் பக்கம் வக்கீல் ஜெசிந்தா மேடம் ஆபீஸ். காப்புரிமை, வடிவப் பதிவு எல்லாம் பார்க்கிறவர். சின்ன அறை, பெரிய மீன் தொட்டி.

ஏழு படம் வேண்டும் என்றார். முன், பின், இடது, வலது, மேல், கீழ், பிறகு சாய்வாக ஒன்று. நான் தலையாட்டினேன். அது என் தினசரிப் பிழைப்பு.

இவர் ஆரம்பித்தார். "இதுல என்ன விசேசம்னாங்க மேடம், மணிக்கட்டு நேரா நிக்கும். தோள்பட்டைக்கு—"

"அது வேண்டாங்க மாஸ்டர்."

"வேண்டாமா?"

"என்ன வேலை செய்யுதுன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாது. இது வடிவப் பதிவு. கண்ணால பார்த்தா எப்படி இருக்குது, அவ்வளவுதான். வலி போகுதா, வருதான்னு அவங்க கேக்க மாட்டாங்க."

இவர் முகம் தொங்கிப்போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். லட்சுமி மில் தாண்டியதும், "வெளிய பாக்க எப்படி இருக்குதுங்கறதுதான் கணக்காமா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். முன்புறம், இடப்புறம். நெஞ்சு அதே அகலம். கழுத்து அதே தடிமன். எந்தப் பக்கமிருந்து வரைந்தாலும் ஆகஸ்டுக்கு முந்தைய அதே ஆள்தான் வருவார். அதைச் சொல்லவில்லை. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மேடம் கடைசியாகச் சொன்னது: விண்ணப்பம் போய்ச் சேருகிறவரை வெளியே யாருக்கும் காட்டக் கூடாது. ஒரு முறை ஊர் பார்த்துவிட்டால் புதுசு என்று சொல்ல முடியாது.

செப்டம்பர் 27, புதன்

மாதிரி வந்துவிட்டது. கம்பெனிக்கு வார்ப்பு மாதிரி செய்து தருகிற கடையில், மரத்தில் கடைந்து பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். கைக்குள் வெண்ணெய் மாதிரி உட்காருகிறது. பீரோ மேல் வைத்தேன்.

காலையில் நான் பால் வாங்கி வரும்போது கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தது. பாயில் நடுவே ஈரம். ராத்திரி சாரல் அடித்திருக்கும். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது, இருந்தாலும் சாரல் எங்கிருந்தும் வரும்.

"நடந்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

இன்று முதல் கட்டைகளை என் பையில் போட்டுக் கம்பெனிக்கு எடுத்துப் போகிறேன். அளவு சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 5, வியாழன்

அளவு இன்னும் சரிபார்த்து முடியவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

அவர் நடக்கப் போன நேரத்தில் கதவைத் தாழிட்டுவிட்டுக் கட்டைகளைத் தரையில் வைத்தேன். ஒரு பொருளைப் பிடித்துப் பார்க்காமல் எப்படி வரைவது? தொழிலுக்கு அழகில்லை. முட்டியை ஊன்றிக் கைகளை மடக்கினேன். மூக்கு தரையைத் தொட்டது. எழ வரவில்லை. அப்படியே கன்னத்தைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தேன். சோபாவுக்கு அடியில் காணாமல் போன என் கம்மல் திருகாணி தெரிந்தது. ஆக, லாபம்தான்.

உப்பு அரைக் கரண்டி. மாத்திரை போட்டார்.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்றைக்கும் முட்டி போட்டு. மூன்று வந்தது. கை நடுக்கத்தில் காபி கொஞ்சம் சிந்தியது. "ஏன் அம்மிணி, பிரஷரா?" என்றார். டைபாய்டு என்றேன். முறைத்தார்.

அக்டோபர் 18, புதன்

ஏழு படமும் தயார். ஜெசிந்தா மேடம் இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றார். இவர்தான் கேட்கவில்லை.

"இருங்க மேடம். திங்கக்கிழம ஆயுத பூசை. சாமான பூசைல வெச்சு எடுத்து, மறுநா விஜயதசமியன்னைக்கு அனுப்பிப்போடலாம். நல்ல காரியத்த நல்ல நாள்லதான் தொடங்கோணும்."

ஆறு நாள்தானே என்று நானும் விட்டுவிட்டேன். மேடம் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம் மாஸ்டர்" என்றார்.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

ஜிம்மில் பூஜை. டம்பெல் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பெரிய எடைத் தட்டுகளில் விபூதிப் பட்டை. கண்ணாடிகளில் மாவிலை. ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, அதன் நடுவில் நம் கட்டை இரண்டும், சின்ன ரோஜா மாலையோடு, புதுக் குழந்தையை வைத்த மாதிரி வைத்திருந்தார்.

பழைய மாணவர்கள் பலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எல்லோரும் நம் ஆட்கள். டைபாய்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நெம்ப இளைச்சுட்டீங்க மாஸ்டர் என்றார்கள். அவர் இளைக்கவே இல்லை.

ஒரு வாலிபன், புதிதாகச் சேர்ந்தவன், "மாஸ்டர் இப்பல்லாம் எதுவும் பண்றதில்லையா?" என்று இன்னொருவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். பூசணிக்காயை ஓங்கி உடைத்தார். அவ்வளவு வேகம் தேவையில்லை.

பொரி, கடலை, சுண்டல். உப்பு எவ்வளவு என்று தெரியவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய், விஜயதசமி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் நல்ல நேரம் பார்த்து மேடம் ஆபீசுக்குப் போனோம். கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றி, அனுப்பும் பொத்தானுக்குமேல் விரலை வைத்துக்கொண்டு மேடம் கேட்டார். "வெளிய எங்கியும் காட்டலையே?"

"சாமிக்கு மட்டுந்தானுங்க" என்று சிரித்தார்.

"போட்டோ ஏதும்?"

"நம்ம பசங்களுக்கு மட்டும்."

மேடம் விரலை எடுத்துவிட்டார். போனை வாங்கிப் பார்த்தார். பிறகு எனக்குக் காட்டினார். ஜிம்மின் பேஸ்புக் பக்கம். வாழையிலை, ரோஜா மாலை, நடுவில் கட்டை இரண்டும், முன்னிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நான் வரைந்ததைவிடத் தெளிவாக இருந்தது. மேலே இவர் எழுதியிருந்தார்: 'உங்கள் மாஸ்டரின் புதிய கண்டுபிடிப்பு. மாஸ்டர் இன்னும் ஓயவில்லை.' ஊரே வந்து லைக் போட்டிருந்தது.

"ஏனுங்க, இதையப் போட்டுப்போட்டீங்களா?" என்றேன்.

"நேத்துப் போட்டதுதான் அம்மிணி. ஒரு நாள்தானே. இப்ப அழிச்சுப்போடறேன்."

"அழிச்சாலும் பார்த்தது பார்த்ததுதாங்க மாஸ்டர்" என்றார் மேடம். "தெரிஞ்சுட்டே புதுசுன்னு நான் எழுதித்தர முடியாது. இந்த வடிவம் இனி ஊர்ப் பொது."

வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. கோபம். ஒன்றரை மாதம் வரைந்தது அவருக்காக இல்லையா? நான் யாருக்காக அந்தக் கட்டைகளைச் சோற்று மூட்டையோடு தினமும் கம்பெனிக்குச் சுமந்தேன்?

மாத்திரை போட்டாரா என்று கேட்கவில்லை. போட்டிருந்தார். டப்பாவை எண்ணிப் பார்த்தேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

பேசவில்லை. ரசம் வைத்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

பாயில் ஈரம். மழையும் பெய்தது. மழைதான்.

நவம்பர் 11, சனி

நாளை தீபாவளி. சாயங்காலம் கௌரிசங்கர் வந்தான். அவரிடம் பதினைந்து வருடத்துக்கு முன்னால் பயிற்சி எடுத்தவன், இப்போது கணபதியில் பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறான். ஒரு கையில் மைசூர்பாகு, இன்னொரு கையில் பளபளப்புத் தாள் சுற்றிய பெட்டி.

"பிரிங்க மாஸ்டர். அக்கா, நீங்களும் வாங்க."

உள்ளே வெற்றிலை வடிவக் கட்டைகள். நீல பிளாஸ்டிக்கில். அடியில் 'ஆஞ்சநேயா' என்று பெயர் பொறித்திருந்தான்.

"போட்டோவப் பார்த்தே அச்சு வெட்டிட்டேனுங்க மாஸ்டர். நம்ம செட்டு அத்தன பேருக்கும் தீபாவளிக்கு ஒரு சோடி. எல்லாரும் கேக்கறாங்க, எங்க வாங்கறதுன்னு. மாஸ்டரு பேரச் சொல்லி எல்லாரும் எடுக்கோணுமுங்க."

அவன் முகத்தில் அத்தனை பெருமை. திட்ட வாய் வரவில்லை. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. கௌரிசங்கர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

அவன் போன பிறகு சொன்னார். "நானு செத்துப்போகலீன்னு பசங்களுக்குத் தெரியோணும்னுதான் அம்மிணி அதப் போட்டேன். வேற ஒன்னுமில்ல."

நான் மைசூர்பாகில் சின்னத் துண்டு உடைத்து அவருக்குக் கொடுத்தேன். சர்க்கரை, நெய், எல்லாம் கணக்கில் சேரும். சேரட்டும். பதினெட்டு நாள் கழித்து அவரிடம் பேசின முதல் பேச்சு, "தண்ணி வேணுமா?"

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி லீவு இன்றும். அவர் நடக்கப் போனதும் பாயை விரித்தேன். இப்போது முட்டி போட்டு எட்டு வருகிறது. அந்த நீலக் கட்டைகளிலேயே எடுத்தேன், வீட்டில் கிடக்கிறதே.

கீழே போகும்போது ஒன்று பட்டது. நான் ஏழு பக்கமும் வரைந்தேன். ஆனால் தண்டால் எடுக்கிறவர் முன்னையும் பார்ப்பதில்லை, பின்னையும் பார்ப்பதில்லை. அவர் முகம் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் இறங்குகிறது, ஏறுகிறது. கட்டைகளின் உட்பக்கம், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற பக்கம், அதுதான் அவர் கண்ணில் படுகிறது. அங்கே ஒன்றுமே இல்லை. மொட்டைச் சுவர். வருகிறவர் பார்க்கிற பக்கமெல்லாம் அலங்காரம் செய்துவிட்டு, வீட்டுக்காரர் உட்காருகிற அறையை வெள்ளைகூட அடிக்காமல் விட்ட கதை.

எழுந்து, கம்பெனி லேப்டாப்பைத் திறந்து, மத்தியானம் வரை வரைந்தேன். வடிவம் முழுக்க மாற்றினேன். வெற்றிலை போனது. உட்பக்கச் சுவர் வளைந்து உயர்கிறது, அதில் மெல்லிய தகடுகள், விசிறி மாதிரி விரிந்து, மேல் பார்த்துச் சாய்ந்து. கழிவறை ஜன்னலில் சாய்வுக் கண்ணாடி இருக்குமே, அந்த முறைதான். முகம் தரைக்கு அருகில் இருக்கும்போது ஒரு தகடு இன்னொன்றை மறைக்கும். வழவழப்பான மொட்டாகத் தெரியும். கையை நீட்டி மேலே வர வர இடைவெளிகள் தெரியும். முழுக்க எழுந்தால் பூ விரிந்துவிடும்.

அவர் வந்தார். திரையில் படத்தைச் சுழற்றிக் காட்டினேன். கீழே, மேலே. மொட்டு, பூ.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எந்திரிச்சாத்தான் பூக்குமா?"

"ஆமாங்க."

"உனக்கு எப்படித் தெரியும், எடுக்கறவன் எங்க பாப்பான்னு?"

"அளவு சரிபார்த்தனுங்க" என்றேன்.

நவம்பர் 18, சனி

கௌரிசங்கரிடம் பதிவு கெட்டுப்போன விஷயத்தைச் சொன்னேன். டைபாய்டின் நிஜத்தை மட்டும் சொல்லவில்லை. அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "நானேதானுங்கக்கா சூனியம் வெச்சுப்போட்டேன்" என்றான். நீ வருவதற்கு முன்பே உன் மாஸ்டர் வைத்தாயிற்று என்றேன்.

பிராயச்சித்தமாக மாதிரி அவனே செய்து தருகிறான். ஷட்டரை இறக்கிவிட்டு, போனை அணைத்து என் பையில் போட்டுவிட்டு, வேலைக்கிருந்த பெண்களை ஊருக்கு அனுப்பிவிட்டு. ஒரு கட்டைக்கு இத்தனை காவல். அவர் நாற்காலி போட்டு ஷட்டருக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களிடம் உள்ளே வெள்ளை அடிக்கிறார்கள் என்று சொன்னாராம்.

நவம்பர் 22, புதன்

ஜெசிந்தா மேடம் மாதிரியை மேசைமேல் வைத்துத் தலையைக் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். மீன்கள் அவரையே பார்த்தன.

"இந்தத் தகடு என்னங்க வேலை செய்யுது? பிடிமானமா? காத்தோட்டமா?"

"ஒரு வேலையும் இல்லீங்க மேடம்" என்றேன். "பார்க்கறதுக்குத்தான்."

"அதேதான் வேணும்" என்று சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மேடம் அனுப்பும் நேரத்தில் இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே கால். புதன்கிழமை ராகு காலம். வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

விண்ணப்பம் போயிற்று. பதிவு வர மாதங்கள் ஆகலாம். ஆனால் இனி வெளியே காட்டலாம். வரும்போது அன்னபூர்ணாவில் காபி. சர்க்கரை இல்லாமல்.

நவம்பர் 28, செவ்வாய்

ராவ் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறாராம், ஜிம்முக்கு. இவர் முடி வெட்டிக்கொண்டார். மீசைக்கு மை. பழைய பசங்களையெல்லாம் வரச் சொல்லியிருக்கிறார்.

பாய் சுருட்டி வைத்த இடத்தில் இல்லை. சின்ன வித்தியாசம்தான், ஒரு சாண் இருக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

ராவ் நல்ல மனுஷர். குள்ளம், வெள்ளைத் தலை, தமிழைக் கன்னடத்தில் பேசுகிறார். கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்திருந்தது, மறைக்கவில்லை. பசங்க இருபது பேருக்கு மேல் சுற்றி நின்றார்கள், குளித்துத் தலைசீவி, ஏதோ கல்யாண வீடு மாதிரி.

அப்புறம் போனை எடுத்தார். "மாஸ்டர், நீங்களே ஒரு பத்து எடுத்துத் தோரிசிபிடுங்க. எடுத்துக் காட்டுங்க. நான் வீடியோ எடுத்துப் பார்ட்னருக்குக் களிசுறேன், அனுப்பறேன். உங்க பாடிக்கு நல்லா இருக்கும்."

பசங்க கை தட்டினார்கள். கௌரிசங்கர் விசில் அடித்தான்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டையின் மேல் பொத்தானில் கை வைத்தார். அந்தக் கை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போது தயங்கின கை. இப்போது தயங்கவில்லை. அதுதான் பயம்.

என் கால் முன்னால் போய்விட்டது. "நான் எடுக்கறனுங்க" என்றேன்.

விசில் பாதியில் நின்றது. நாற்பத்தாறு வயது, சுடிதார், ஒரு கிலோ குறையாத என் உடம்பு. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டைகளைத் தரையில் வைத்தேன். இதுவரை முட்டி போட்டுத்தான் எடுத்திருக்கிறேன். இருபது பேருக்கு முன்னால் முட்டி போட மனசு வரவில்லை. காலை நீட்டினேன்.

"அம்மிணி" என்றார்.

"எண்ணுங்க."

இறங்கினேன். பாதி தூரம்தான். தோள் வெடவெடவென்று ஆட மேலே வந்தேன்.

அவர் எண்ணவில்லை.

"எண்ணுங்க" என்றேன் மறுபடியும்.

"அது சேராது" என்றார். அவருடைய ஜிம் குரல், ஆகஸ்டுக்கு அப்புறம் நான் கேட்காத குரல். "நெஞ்சு எறங்கவே இல்ல. அரைத் தண்டாலெல்லாம் இந்த ஜிம்முல கணக்குல வராது. மறுபடியும் எடு."

யாரோ சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ரோஷம் வந்ததோ தெரியாது.

அப்போதுதான் அதே குரலில், ராவுக்கும் சேர்த்து, எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார். "டைபாய்டு இல்லடா. நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்குது. நானு இனி எடுக்கறதில்ல. எண்ணறதுதான்." பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நீ எறங்கு அம்மிணி. மெதுவா. மூச்ச உள்ள இழு."

இறங்கினேன். மூக்கு தரையில் பட்டது. இரண்டு பக்கமும் மொட்டு. வழவழப்பாக, மூடி. அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது.

"தள்ளு" என்றார். "தரையத் தள்ளு. உன்னைத் தூக்காத, தரையத் தள்ளு."

தள்ளினேன். கை எரிந்தது. கண்ணுக்கு இரு பக்கமும் தகடுகள் ஒன்றையொன்று விட்டு விலகின. ஒரு கீற்று, இன்னொரு கீற்று. கையெல்லாம் நீண்டு நின்றபோது இரண்டு பூவும் விரிந்திருந்தன. நான் வரைந்ததுதான். ஆனால் இப்போதுதான் பார்த்தேன்.

"ஒன்னு" என்றார்.

அப்படியே கவிழ்ந்து விழுந்தேன். பசங்க கத்தியதில் கட்டடமே அதிர்ந்தது. கௌரிசங்கர் மட்டும் கத்தவில்லை. ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ராவ் வீடியோ எடுத்தாரா என்று கேட்டேன். எடுத்தாராம். என் மானம் பெங்களூர் போயிற்று.

முதலில் கொஞ்சம் செய்து விற்றுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பார்ட்னர் என்ன சொல்வாரோ தெரியாது. பசங்க ஒவ்வொருவராக வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார்.

டிசம்பர் 4, திங்கள்

உப்பு அரைக் கரண்டி. நடை, பிள்ளையார் கோவில் தாண்டி ரயில்வே கேட் வரை. மாத்திரை போட்டார். கையைத் தூக்க முடியாததால் எனக்குச் சடை பின்னிவிட்டார். கோணல்.

காலையில் பாயில் ஈரம். மழை இல்லை. என் வேர்வைதான். அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார். முதல் இரண்டும் சேராதாம்.